ஈற்றடி தெரிந்தவர்களின் சிரிப்பு: இணைய ரசிகர் நகைச்சுவைக்கு ஓர் எளிய அறிமுகம்

2019 மே 30 அன்று காலை, கோவை எல்லையைத் தாண்டிப் பாலக்காடு மாவட்டத்துக்குள் நுழைந்ததும் வரும் வேலந்தாவளத்தில், நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் நான்கைந்து இளைஞர்கள் கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் சிரிக்காமல், "நேசமணிக்கு இன்னும் நெனவு திரும்பலையாம்" என்றான். கடைக்கார அண்ணன் டீ ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, மெய்யான பதற்றத்தோடு, "ஆருப்பா அந்த நேசமணி? எந்த ஆசுபத்திரீல வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். பெஞ்சு குலுங்கும்படி எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனின் முகம் சுருங்கிப்போயிற்று. தம்மைத்தான் கேலி செய்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த முகச்சுருக்கத்தை நான் பல வீடுகளிலும் பள்ளிகளிலும் கண்டிருக்கிறேன். பிள்ளைகள் எதற்குச் சிரிக்கிறார்கள், யாருக்காக இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள், யாரோடு மல்லுக்கு நிற்கிறார்கள் என்பது பெரியவர்களுக்குப் புரிவதில்லை. புரியாததால், "வேலையற்ற பைத்தியம்" என்றோ "ஒரே வெறுப்பும் சண்டையும்" என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இணைய ரசிகர்களின் நகைச்சுவை விதிகளுள்ள ஒரு விளையாட்டு. அந்த விதிகளில் பெரும்பாலானவை நம் பாட்டன்மார் அறிந்தவையே என்பது என் உறுதியான எண்ணம். அதை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறேன்.

ரசிகர் குழாம் என்பது என்ன?

எங்கள் பகுதிக்கு அருகில், மீன மாதம் 20ஆம் நாள், நெம்மாரா–வல்லங்கி வேலை என்ற திருவிழா நடக்கும். நெம்மாரா, வல்லங்கி என்னும் இரு தேசங்கள், அதாவது இரு ஊர்ப்பிரிவுகள், ஒரே பகவதிக்காகப் போட்டி போட்டுக்கொண்டு பந்தல் அமைக்கும், யானைகளை நிறுத்தும், வாணவேடிக்கை விடும். இந்த ஆண்டு எந்தத் தேசத்தின் வெடி மேல் என்ற வாதம் அடுத்த ஆண்டு வேலை வரை ஓயாது. பரிசு என்று எதுவும் இல்லை. இருந்தும் மாதக்கணக்கில் உழைப்பார்கள், கைக்காசைச் செலவழிப்பார்கள், எதிர்த்தேசத்துப் பந்தலைப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே நடந்தும் போவார்கள்.

ஃபேண்டம் என்று இளைஞர்கள் சொல்வது ஏறக்குறைய இதுதான். அதை 'ரசிகர் குழாம்' என்று அழைக்கலாம். ஒரு நடிகர், ஒரு விளையாட்டு அணி, ஒரு கதை, ஓர் இசைக்குழு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் மீதுள்ள ஈடுபாட்டால் ஒருவரையொருவர் கண்டுகொண்டு, அந்த ஈடுபாட்டை வைத்துச் சேர்ந்து எதையாவது செய்கிறவர்களின் கூட்டம் அது. வீட்டில் தனியே அமர்ந்து படம் பார்த்து மகிழ்கிறவர் ரசிகர். அவர் அதை வைத்து இன்னொரு ரசிகருக்காக ஒரு படம் வரையும்போது, ஒரு வரி எழுதும்போது, குழாமுக்குள் வந்துவிடுகிறார்.

இந்த ஈடுபாடு இணையத்துக்கு வெளியே எப்படித் தோன்றும் என்பதைக் கேரளம் 2022இல் உலகுக்குக் காட்டியது. கத்தாரில் உலகக்கோப்பைக் கால்பந்து நடக்கவிருந்த வேளையில், கோழிக்கோடு மாவட்டத்துப் புல்லாவூரில் அர்ஜென்டினா ரசிகர்கள் ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கு சுமார் 30 அடி உயரக் கட்-அவுட் ஒன்றை நிறுத்தினார்கள். பிரேசில் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? நெய்மாருக்கு அதைவிட உயரமாக, சுமார் 40 அடியில் ஒன்று எழுந்தது. பிறகு ரொனால்டோவும் வந்து சேர்ந்தார். அந்தக் காட்சியை ஃபிஃபா அமைப்பே தன் சமூக ஊடகத்தில் பகிர்ந்தது. கால்பந்து பற்றி ஒன்றும் அறியாதவர்கூட, ஒன்றுக்கு அடுத்து ஒன்று உயரமாக நிற்கும் அந்த வரிசையைப் பார்த்துப் புன்னகைப்பார். அவர் படித்துக்கொண்டது ஓர் உரையாடலை: ஒருவர் சொன்னார், மற்றவர் அதை விஞ்சிச் சொன்னார்.

எல்லையில் வாழ்கிற எங்களுக்கு வேறொரு காட்சியும் உண்டு. 2023 அக்டோபர் 19 அன்று விஜய் நடித்த 'லியோ' வெளியானபோது, தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு. கேரளத்திலோ அதிகாலை 4 மணிக்கு. அந்த ஐந்து மணி நேர இடைவெளிக்காகவே கோவைப் பக்கத்து இளைஞர்கள் இருசக்கர வண்டிகளில் எல்லையைக் கடந்து இந்தப் பக்கத்துத் திரையரங்குகளுக்கு வந்தார்கள். விடியுமுன் சாலையில் தொடர்ந்து சென்ற விளக்கொளியைப் பார்த்து என் அத்தை, "ஏதாச்சும் கோயில்ல விசேசமா?" என்று கேட்டார். ஐந்து மணி நேரம் காத்திருந்தால் அதே படத்தை ஊரிலேயே பார்த்திருக்கலாம். கதை அறிவதைவிட, முதலில் அறிந்தவர்களின் கூட்டத்தில் இருப்பதே அவர்களுக்கு வேண்டியிருந்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ரசிகர் குழாம் என்பது சேர்ந்து செயல்படும் கூட்டம், போட்டி அதன் இயல்பு, பரிசு என்பது பெரும்பாலும் மற்ற ரசிகரின் பாராட்டுதான். இனி அவர்கள் எதை வைத்து விளையாடுகிறார்கள் என்று பார்ப்போம்.

மீம்: ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வது

பழைய புலவர் சபைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் வெண்பாவின் கடைசி அடியை மட்டும் கொடுப்பார். அந்த அடி பல சமயங்களில் பொருளற்றதாகவோ விபரீதமாகவோ தோன்றும். புலவர் முதல் மூன்று அடிகளைத் தாமே அமைத்து, கொடுத்த ஈற்றடியில் பொருத்தமாக வந்து இறங்க வேண்டும். தெலுங்கு அவதானங்களிலும் மலையாளக் கவியரங்குகளிலும் இதைச் சமஸ்யாபூரணம் என்பார்கள். சபையில் இருந்த எல்லோருக்கும் ஈற்றடி முன்பே தெரியும். அவர்கள் காத்திருந்தது, புலவர் எந்த வழியாக அங்கே வந்து சேர்கிறார் என்பதைக் காணத்தான்.

மீம் என்பதும் அப்படியே இயங்குகிறது. சொல்லை உருவாக்கியவர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற உயிரியலாளர். 1976இல் அவர், மரபணு உடலிலிருந்து உடலுக்குப் பரவுவதுபோல, மனத்திலிருந்து மனத்துக்குப் போலச்செய்தல் வழியாகப் பரவும் பாட்டு, வழக்கம், கருத்து ஆகியவற்றைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்தினார். இணையத்தில் அதன் பொருள் குறுகிவிட்டது: பலரும் எடுத்து, ஒரு பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, மறுபகுதியை மாற்றிப் பரப்பும் நகைச்சுவைத் துணுக்கே இன்று மீம். மாறாமல் இருக்கும் பகுதிக்கு டெம்ப்ளேட் என்று பெயர். வடிவேலுவின் ஒரு முகபாவம் டெம்ப்ளேட். அதன் மேல் எழுதப்படும் வரி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு கிரிக்கெட் ரசிகர்களிடமிருந்து கிடைக்கிறது. தோனியின் சட்டை எண் 7. அவர் பிறந்தது 1981 ஜூலை 7, அதாவது ஏழாம் மாதம் ஏழாம் நாள். சென்னை அணி ரசிகர்களுக்கு அவர் 'தல'. 2023, 2024 ஆண்டுகளில் "தல ஃபார் எ ரீசன்" (காரணமில்லாமலா 'தல' ஆனார்?) என்ற வரி இணையமெங்கும் ஓடியது. விளையாட்டின் விதி ஒன்றே ஒன்றுதான்: எதை எடுத்துக்கொண்டாலும் அதில் எப்படியாவது ஒரு 7ஐக் கண்டுபிடித்து, இந்த வரியில் வந்து முடிக்க வேண்டும்.

என் தங்கை மகன் இதை எனக்குக் கற்பித்த விதம் நினைவிருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தோம். பெயர்ப்பலகையைக் காட்டி, "மாமா, கொழிஞ்சாம்பாறை, எழுத்தை எண்ணுங்க" என்றான். கொ, ழி, ஞ், சா, ம், பா, றை. ஏழு. "வேலந்தாவளம்?" வே, ல, ந், தா, வ, ள, ம். அதுவும் ஏழு. எனக்கே ஆர்வம் வந்துவிட்டது. "பாலக்காடு அஞ்செழுத்துதானேடா?" என்று மடக்கினேன். ஒரு கணம் யோசித்தான். "பாலக்காடு அஞ்சு, கோவை ரெண்டு. நடுவுல நாம நிக்கறோம். தல ஃபார் எ ரீசன்!" என்று சொல்லிக் கைதட்டினான். ஈற்றடிக்கு அவன் வந்து சேர்ந்த வழி அது. ஒரு புலவர் வெண்பாவை முடித்ததும் சபை அடையும் மகிழ்ச்சியின் சிறு துளியை நான் அன்று அந்த நிறுத்தத்தில் அடைந்தேன்.

இதில் தோனியைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற அணி ரசிகர்களும் இதே வரியை எடுத்து, தோல்விகளிலும் ஏழைக் கண்டுபிடித்துச் சீண்டினார்கள். புகழ்வதற்கும் சீண்டுவதற்கும் ஈற்றடி ஒன்றே. அதனால்தான் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எது புகழ்ச்சி, எது சீண்டல் என்று பிரித்தறிவது கடினமாக இருக்கிறது.

நேசமணியின் கதை

இனி, தேநீர்க் கடையில் நடந்ததற்குத் திரும்புவோம். இணையத்தில் குடிசார் பொறியியல் சார்ந்த பக்கமொன்று ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இந்தக் கருவிக்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தது. தமிழர் ஒருவர், இதன் பெயர் சுத்தியல் என்று முறையாகப் பதில் சொல்லிவிட்டு, ஜமீன் பங்களாவில் வேலை செய்தபோது இது விழுந்துதான் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை உடைந்தது, பாவம் என்று அதே தொனியில் சேர்த்துக்கொண்டார். நேசமணி என்பது 2001இல் வெளிவந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம். இதை அறியாத யாரோ, அவர் இப்போது நலமா என்று கேட்க, விளையாட்டு தொடங்கியது. நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்ற பொருளில் ஹேஷ்டேக் எழுந்தது. ஹேஷ்டேக் என்பது ஒரே பேச்சைச் சேர்ந்த பதிவுகளையெல்லாம் ஒரு கயிற்றில் கோக்கும் சொல். மருத்துவ அறிக்கைகள் வந்தன, பிரார்த்தனைகள் வந்தன, சுத்தியலைக் கைவிட்ட அண்ணன் மகன் கிருஷ்ணமூர்த்தியைத் தேடச் சொன்னார்கள். நாட்டில் புதிய அரசு பதவியேற்ற அதே நாளில், இல்லாத ஒரு மனிதருக்காக எழுந்த வேண்டுதல் ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது.

இதன் பொறிமுறையைக் 'கூட்டுப் பாசாங்கு' என்று சொல்வேன். சிறுமிகள் கொட்டாங்குச்சியில் மண்ணை நிரப்பிச் சோறு பொங்கி விளையாடும்போது, "இது மண்ணுதானே" என்று சொல்கிறவள் விளையாட்டைக் கெடுத்துவிடுகிறாள். சிரிக்காமல் வாங்கி, "உப்புக் கம்மி" என்று சொல்கிறவளே நல்ல விளையாட்டுக்காரி. நேசமணி விஷயத்திலும் கடையில் சிரிக்காமல் பேசிய அந்த இளைஞன்தான் விதியைச் சரியாகப் பின்பற்றியவன். அண்ணனோ, தம்மை அறியாமலேயே, எல்லோரையும்விட நன்றாக விளையாடிவிட்டார். அந்தச் சிரிப்பு அவருடைய பதற்றத்தின் பொருத்தத்தைக் கண்டு வந்தது.

அப்போது கடையில் பால் ஊற்ற வந்திருந்த மலையாளிப் பெரியவர் ஒருவர், நேசமணி யாரென்று எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், "அது நம்மடெ லாசர் இளையப்பனல்லே!" என்று வாய்விட்டுச் சிரித்தார். 'ஃப்ரண்ட்ஸ்' முதலில் 1999இல் மலையாளத்தில் வந்த படம். இரண்டையும் இயக்கியவர் சித்திக். நேசமணியின் இடத்தில் அங்கே ஜெகதி ஸ்ரீகுமார், லாசர் இளையப்பனாக நடித்திருந்தார். இளையப்பன் என்றால் சித்தப்பா. ஒரே சிரிப்புக்கு எல்லையின் இரு பக்கமும் இரண்டு பெயர். அந்த நாட்களில் வடிவேலு படங்களில் அதிகம் தென்படவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வேண்டுதலுக்குள் இருந்த அன்பு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அவர் இல்லாத குறையை, அவர் தந்ததை வைத்தே ஆற்றிக்கொண்டார்கள்.

சுருக்கமாக: எல்லோரும் அறிந்த ஒரு மூலம் வேண்டும், மாறாத ஒரு பகுதி வேண்டும், அதில் ஒருவர் புதிதாகச் சேர்ப்பது வேண்டும். இம்மூன்றும் கூடினால் ரசிகர் நகைச்சுவை பிறக்கிறது. மூலம் தெரியாதவருக்கு மற்ற இரண்டும் தெரிவதில்லை.

ட்ரோல் என்ற சொல்லால் வரும் குழப்பம்

ஆங்கிலத்தில் ட்ரோல் என்ற சொல்லுக்குப் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் சென்று மீன் பிடிப்பது என்றொரு பொருள் உண்டு. இணையத்தில் அது, பிறரை எரிச்சலூட்டி வாதத்துக்கு இழுப்பதற்கென்றே ஒன்றைச் சொல்வதைக் குறிக்கலாயிற்று. தமிழில் 'ட்ரோல் பண்ணினார்கள்' என்றால் பலர் சேர்ந்து ஒருவரைக் கேலி செய்தார்கள் என்று பொருள்படும். மலையாளத்திலோ, நாம் மீம் என்று சொல்வதற்கே பொதுவாக ட்ரோல் என்றுதான் பெயர். அன்பான மீமும் அங்கே ட்ரோல்தான்.

இரு மொழி பேசும் எங்கள் ஊர்களில் இதனால் மனவருத்தமே நேர்ந்திருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து வந்து பணியாற்றிய ஆசிரியை ஒருவரிடம், மாணவி ஒருத்தி, "டீச்சரை வெச்சு ஒரு ட்ரோல் பண்ணிருக்கோம்" என்று பெருமையோடு சொன்னாள். ஆசிரியை இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு படத்தைப் பார்த்தார். அவர் அடிக்கடி சொல்லும் "கடைசி பெஞ்ச், கேக்குதா?" என்ற வரியை, நிலவில் இறங்கிய விண்கலத்துக்குத் தரைக்கட்டுப்பாட்டு மையம் சொல்வதாக எழுதியிருந்தார்கள். அதை அவர் தம் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொண்டார்.

ஆகவே சொல்லை வைத்துத் தீர்மானிக்காமல், கல்யாண வீட்டு நலங்கை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை ஏசிப் பாடுவார்கள். அவர்கள் திருப்பிப் பாடுவார்கள். ஏசப்படுகிறவர் அதே கூடத்தில் அமர்ந்து தாமும் சிரிப்பார். பிறகு ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். அதே பாட்டை மறுநாள் அவர் வீட்டு வாசலில் நின்று, அவரைத் திருப்பிப் பாடவிடாமல் ஐந்நூறு பேர் பாடினால் அது வசை. பாட்டு மாறவில்லை; இடமும் எண்ணிக்கையும் மாறிவிட்டன.

சட்டகம்: "இது விளையாட்டு" என்ற அறிவிப்பு

கிரிகோரி பேட்சன் என்ற மானிடவியலாளர் 1952இல் சான் ஃபிரான்சிஸ்கோ நகர விலங்குக் காட்சிசாலையில் இரண்டு குட்டிக் குரங்குகள் கடித்து விளையாடுவதைக் கண்டார். கடி சண்டையில் உள்ளதைப் போன்றதே. ஆனால் அது சண்டை இல்லை என்று இரண்டுக்கும் தெரிந்திருந்தது. அப்படியானால் 'இது விளையாட்டு' என்ற செய்தியை அவை எப்படியோ பரிமாறிக்கொள்கின்றன என்று அவர் வாதிட்டார். அந்தச் செய்தி வகுத்துத் தரும் எல்லைக்குச் சட்டகம் என்று பெயர்.

சித்தூர் பகவதி கோயிலில் மாசியில் நடக்கும் கொங்கன் படையைக் கண்டவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. படையெடுத்து வந்த கொங்கு அரசனை ஊரார் வென்றதாகச் சொல்லப்படும் போர் அங்கே நடித்துக் காட்டப்படுகிறது. கொங்கு நாட்டு வேர் கொண்ட தமிழ்க் குடும்பங்களும் கூட்டத்தில் நின்று, கொங்கன் தோற்பதை ஆரவாரத்தோடு பார்க்கின்றன. என் பாட்டி பொள்ளாச்சிக்காரர். ஒரு வருடம்கூட அவர் தவறவிட்டதில்லை. கோயில், நாள், வேடம், வாத்தியம் ஆகியவை சேர்ந்து சட்டகத்தை அமைக்கின்றன.

இணையத்தில் அந்தச் சட்டகம் மெல்லியது. குழுவுக்குள் எழுதிய ஒரு வரி, படம் பிடிக்கப்பட்டு, அதன் முன்னும் பின்னும் நடந்ததை அறியாதவரிடம் போய்ச் சேரும். நண்பர்களுக்குச் சொன்னதை அந்நியர், ஆசிரியர், எதிர்த்தரப்பு எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கும் இந்நிலைக்குச் சூழல் சரிவு என்று பெயர். பகடி என்பதற்கு வெளிப்படையான அடையாளம் இல்லாவிட்டால் யாராவது ஒருவர் அதை உண்மையென்றே கொள்வார் என்று நேதன் போ என்பவர் 2005இல் எழுதியது இன்று போவின் விதி என்று வழங்குகிறது. இளைஞர்கள் வரியின் முடிவில் சிரிப்பு முகத்தையோ மண்டையோட்டையோ சேர்ப்பது சட்டகத்தை மீண்டும் நட்டு வைக்கும் முயற்சிதான். மண்டையோடு, "சிரித்தே செத்துவிட்டேன்" என்பதன் சுருக்கம். அதைக் கண்டு திகிலடைந்த தாய்மார்களை நான் அறிவேன்.

சட்டகமே இல்லாத ரசிகச் செயல்களும் உண்டு. அவற்றை நகைச்சுவைக் கணக்கில் எழுதக் கூடாது. ஒரு நடிகையின் தோற்றத்தை நூற்றுக்கணக்கானோர் திட்டமிட்டு இழிவு செய்வதில் ஈற்றடியும் இல்லை, புலமையும் இல்லை. உற்சாகம் உடலுக்கே ஆபத்தாவதும் உண்டு: 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு படத்தின் நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில் லாரி மேல் ஆடிய இளைஞர் ஒருவர் கீழே விழுந்து இறந்தார். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகள் நின்றுபோனதையும், அந்த அக்டோபர் விடியலில் எங்கள் சாலையில் தெரிந்த விளக்கு வரிசையையும் இதனோடு சேர்த்தே நான் நினைக்கிறேன்.

கேட்க வேண்டிய கேள்வி

புரியாத மீமைக் காணும்போது, "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பிள்ளைகள் வாய் மூடிக்கொள்வார்கள். "இது எதிலிருந்து வருது, நீ எதை மாத்தினே?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். கடைக்கார அண்ணன் தம் மகளிடம் இப்படிக் கேட்கப் பழகி இப்போது சில ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற மாதம் கணக்குக் கேட்டேன். "ரெண்டு டீ இருவத்திநாலு, வடை பத்து, முப்பத்திநாலுங்க" என்றவர், சில்லறையை என் கையில் வைக்காமல் சற்று நிறுத்தினார். "மூணும் நாலும் எத்தனைங்க?" என்று முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் கேட்டார். பெஞ்சிலிருந்த பையன்கள் எல்லோரும் ஒரே குரலில் ஈற்றடியைச் சொன்னார்கள். பேருந்துக்காக நின்றிருந்த வெளியூர்க்காரர் ஒருவர், என்ன நடந்தது என்று சுற்றும் முற்றும் பார்த்தார். அண்ணன் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஊர்ப் பலகையைக் காட்டி, "எழுத்தை எண்ணுங்க" என்று தொடங்கினார்.